முதல் ஆல் கிரெயின் (மால்ட் தானியத்துல இருந்தே காய்ச்சுற) பீர், ஓஜி (ஈஸ்ட் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற அடர்த்தி) 1.048 வரவேண்டியது 1.038ல நிக்குது, ஈஸ்ட்டும் போட்டாச்சு, இனிமே ஏத்த முடியுமா?

மெல்பர்ன்_மாப்ள:
எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாள் டின்ல வர்ற மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டின பார்லில இருந்து எடுத்த சிரப்) வச்சு தான் ஓட்டிட்டு இருந்தேன், இந்த வாரக்கடைசில தான் முதல் தடவையா ஆல் கிரெயின்ல இறங்கினேன். ப்ரூ இன் எ பேக் முறை, அதாவது தானியத்த பைல போட்டு கெட்டில்லயே ஊறவைக்கிறது, ஒரே கெட்டில், ஒரே துணிப்பை, சாதாரண பேல் ஏல். பேல் ஏல் மால்ட் 4.6 கிலோ, கிறிஸ்டல் மால்ட் 400 கிராம், ஆக மொத்தம் 5 கிலோ. தண்ணி 32 லிட்டரும் ஆரம்பத்துலயே ஊத்திட்டேன், தனியா ஸ்பார்ஜ் (தானியத்து மேல வெந்நீர் ஊத்தி அலசுறது) எதுவும் பண்ணல. 66 டிகிரில ஒரு மணி நேரம் மேஷ் (சூடான தண்ணில ஊறவச்சு ஸ்டார்ச்ச சர்க்கரையா மாத்துறது), அப்புறம் பைய தூக்கி வடியவிட்டு ஒரு மணி நேரம் கொதி, ஹாப்ஸ் (கசப்பு தர்ற பூ) ரெசிபில இருந்தபடியே, கணக்குப்படி 35 ஐபியு (கசப்பு அளவு). ஆறவச்சு பர்மென்டர்ல (நொதிக்க வைக்கிற பாத்திரம்) 22 லிட்டர் போச்சு. ரெசிபில ஓஜி 1.048னு போட்டிருக்கு, எனக்கு ஹைட்ரோமீட்டர்ல (அடர்த்தி காட்டுற மிதவை) 1.038. ரெண்டு தடவை பாத்தேன், அதே தான். ராத்திரி ஆயிடுச்சுன்னு யுஎஸ்-05 ஈஸ்ட் ஒரு பாக்கெட்ட தூவி மூடி வச்சுட்டேன், இப்ப காலைல ஏர்லாக்ல (காஸ் வெளிய போற அடைப்பு) மெதுவா குமிழி விட ஆரம்பிச்சிருக்கு.

கேள்வி ரெண்டு. இப்ப சர்க்கரை இல்ல டிஎம்இ (மால்ட் எக்ஸ்ட்ராக்ட் தூள்) ஏதாவது சேத்து கிராவிட்டிய (அடர்த்திய) தூக்கலாமா, இல்ல கை வைக்காம விட்டுடணுமா? ரெண்டாவது, 10 பாயின்ட் (0.001 ஒரு பாயின்ட்) எங்க தான் போச்சு? வீட்ல வெல்லம் ஒரு கிலோ இருக்கு, அதப் போட்டா என்னன்னு பொண்டாட்டி கேக்குறா, அதுக்கும் பதில் சொல்லுங்க.

பார்லி_பாண்டி:
வாங்க ப்ரோ, முதல் ஆல் கிரெயினுக்கு வாழ்த்துக்கள். எதையும் கொட்டுறதுக்கு முன்னாடி அந்த 1.038 நிஜமான்னு பாத்துக்கலாம். சாம்பிள் எடுத்தப்ப வோர்ட் (நொதிக்காத இனிப்புச் சாறு) எவ்ளோ சூடு? ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு போட்டது, சூடா இருந்தா கம்மியா காட்டும். 30 டிகிரின்னா ரெண்டு மூணு பாயின்ட் தான், 40 டிகிரின்னா 6 பாயின்ட் கிட்ட வந்துடும், 50ன்னா 10, அதுக்கு மேல கணக்குப் போட்டு திருத்துறதே வேஸ்ட், ஆறவச்சு தான் பாக்கணும். அப்புறம் வெறும் தண்ணில விட்டுப் பாருங்க, 20 டிகிரி தண்ணில 1.000 காட்டணும், உள்ள இருக்குற பேப்பர் வழுக்கி இறங்கினதெல்லாம் நிறைய பேருக்கு நடந்திருக்கு.

இன்னொன்னு, பர்மென்டர்ல கடைசில பச்சத்தண்ணி ஏதாவது ஊத்தினீங்களா? எக்ஸ்ட்ராக்ட் கிட் பழக்கத்துல அளவு பத்தலன்னு தண்ணி ஊத்துவாங்க, சரியா கலக்கலன்னா மேல தண்ணி நிக்கும் கீழ சிரப் நிக்கும், சாம்பிள் எங்கருந்து எடுக்குறோமோ அதுக்கேத்த மாதிரி எண் வரும். கொதிக்கிறதுக்கு முன்னாடி ரீடிங் எடுத்திருந்தா அதையும் போடுங்க, அது இருந்தா பாதி விடை கையில.

மெல்பர்ன்_மாப்ள:
அண்ணா, சாம்பிள் கிளாஸ்ல எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சு 20 டிகிரிக்கு கொண்டு வந்து தான் பாத்தேன். நீங்க சொன்னப்புறம் குழாத்தண்ணிலயும் விட்டுப் பாத்தேன், கரெக்டா 1.000. தண்ணி எதுவும் சேக்கல. கொதிக்க முன்னாடி பைய தூக்கினதும் 29 லிட்டர் இருந்துச்சு, அப்ப ஆறவச்சு பாத்த கிராவிட்டி 1.033. கொதிச்சு முடிஞ்சப்ப 25 லிட்டர், அடில கசடு, ஹாப்ஸ் போக 22 பர்மென்டருக்கு.

கோவைக்காரன்_சியாட்டில்:
ப்ரோ மேஷ் டெம்பரேச்சர் கண்டிப்பா ஏறிருக்கும்ங்க, தெர்மாமீட்டர் தப்பா காட்டி 69 70 போயிருந்தா சர்க்கரை கம்மியா தான் வரும், அதான் ஓஜி விழுந்திருக்கு. இப்போதைக்கு அரை கிலோ வெள்ளை சர்க்கரைய கரைச்சு ஊத்திட்டு போயிட்டே இருங்க, பெல்ஜியத்துல எல்லாம் சர்க்கரை போட்டு தானே பீர் காய்ச்சுறாங்க.

பார்லி_பாண்டி:
கோவை ப்ரோ, அது நிறைய பேர் சொல்றது தான், ஆனா ஓஜிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. 69ல மேஷ் பண்ணினா ஸ்டார்ச் உடையும், ஆனா ஈஸ்ட் சாப்பிட முடியாத நீளமான துண்டுகளா நிறைய நிக்கும். ஹைட்ரோமீட்டருக்கு சாப்பிட முடியுறதா முடியாததான்னு தெரியாது, கரைஞ்சிருக்குற எல்லாத்தையும் சேத்து தான் காட்டும். அதனால ஓஜி அப்படியே வரும், எஃப்ஜி (நொதிச்சு முடிஞ்சப்புறம் நிக்கிற அடர்த்தி) தான் 1.010ல நிக்க வேண்டியது 1.016, 1.018னு மேல நிக்கும். டெம்பரேச்சர் ரொம்ப கம்மியா போனா கதை வேற, பார்லி ஸ்டார்ச் ஊறி இளகவே 60ல இருந்து 65 டிகிரி வேணும், அதுக்குக் கீழ போனா என்சைம் இருந்தும் ஸ்டார்ச் சிக்காது.

இப்ப மாப்ள குடுத்த எண்ணுக்கு வர்றேன், நல்ல வேளை எழுதி வச்சிருக்காரு. கிராவிட்டி பாயின்ட்டும் லிட்டரும் பெருக்கினா வர்ற எண் தான் கெட்டில்ல இருக்குற மொத்த சரக்கு, அதாவது கரைஞ்சிருக்குற சர்க்கரை, கொதிக்கிறப்ப ஆவியாகிறது தண்ணி மட்டும் தான், சரக்கு எங்கயும் போகாது. 29 லிட்டர் பெருக்கல் 33, வருது 957. கொதிச்சப்புறம் 25 லிட்டர், 957 வகுத்தல் 25, கிட்டத்தட்ட 38. அப்படியே டேலி ஆகுது பாருங்க. ஆக கொதில தப்பு இல்ல, அளவுல தப்பு இல்ல, ஹைட்ரோமீட்டர்லயும் தப்பு இல்ல. பைய தூக்குறப்பவே சரக்கு கம்மி.

அடுத்து, 5 கிலோ மால்ட்ல இருந்து அதிகபட்சம் என்ன கிடைக்கும்? கிலோவுக்கு சுமார் 300 பாயின்ட் லிட்டர்னு வச்சுக்கங்க, மொத்தம் 1500. 32 லிட்டர் தண்ணில 5 கிலோ முழுசா மாறி கரைஞ்சிருந்தா பைக்குள்ள இருக்குற வோர்ட்டே 1.043 காட்டணும். உங்களுக்கு 1.033. நாலுல மூணு பங்கு தான் மாறிருக்கு. பைல ஒட்டிக்கிட்டு போற வோர்ட் எல்லாருக்கும் போறது தான், கிலோவுக்கு 600 மில்லி மாதிரி, உங்க 3 லிட்டரும் அதே கணக்கு. அதனால ஸ்பார்ஜ் பண்ணாததால போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்டார்ச்சே சர்க்கரையா மாறாம பைக்குள்ள தானியமா நின்னுபோச்சு. ஆல் கிரெயின் புதுசா பண்றவங்களுக்கு இப்படி ஆச்சுன்னா பத்துல எட்டு தடவை காரணம் தானியம் சரியா உடையாதது தான், இது என் அபிப்பிராயம். மால்ட்ட எங்க உடைச்சீங்க? சக்கை இன்னும் இருந்தா ஒரு கை அள்ளி பிரிச்சுப் பாருங்க.

மெல்பர்ன்_மாப்ள:
அண்ணா நீங்க ஜோசியக்காரர். கடைலயே உடைச்சு தரச் சொன்னேன், அவங்க மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டி குடுத்தாங்க. சக்கை தோட்டத்துல கம்போஸ்ட்ல கிடக்கு, போய் அள்ளிப் பாத்தேன். உமி மட்டும் லேசா கீறி, உள்ள பருப்பு முழுசா அப்படியே இருக்குற மணி நிறைய கண்ணுல படுது, ஒண்ணு ரெண்டை நகத்தால கிள்ளினா நடுவுல இன்னும் வெள்ளையா மாவு, வாயில போட்டா இனிப்பே இல்ல. ஓரத்துல மட்டும் இனிக்குது. அப்புறம் இன்னொரு விஷயம், இங்க இப்ப குளிர்காலம், கராஜ்ல வச்சு தான் பண்ணினேன், 66ல ஆரம்பிச்சது கடைசில பாத்தப்ப 61 இருந்துச்சு, மேல ஒரு பழைய டவல் தான் போட்டிருந்தேன். நடுவுல கிளறல, மூடி திறந்தா சூடு போயிடும்னு.

பார்லி_பாண்டி:
அவ்ளோ தான், கேஸ் முடிஞ்சது. தானியம் சரியா உடையாதது, கிளறாம விட்டது, சூடு 61 டிகிரிக்கு இறங்கினது, மூணும் சேந்தா இப்படித்தான் வரும். கடைக்காரங்களையும் குறை சொல்ல முடியாது, அவங்க மெஷின் இடைவெளிய கொஞ்சம் அகலமாத்தான் வைப்பாங்க, ஏன்னா மேஷ் டன் (ஊறவைக்கிற தொட்டி), ஃபால்ஸ் பாட்டம் (அதுக்குள்ள இருக்குற ஓட்டைத் தட்டு) வச்சிருக்கவங்களுக்கு மாவு ஜாஸ்தியானா வடியாம அடைச்சுக்கும், அப்புறம் அவங்க வந்து சண்டை போடுவாங்க. நமக்கு துணிப்பை, அந்த பயம் இல்ல. அடுத்த தடவை ரெண்டு ஓட்டு ஓட்டித் தரச் சொல்லுங்க, இல்ல சொந்தமா ரோலர் மில் வாங்கினா இடைவெளிய ஏடிஎம் கார்டு இறுக்கமா நுழையுற அளவுக்கு வைங்க, அந்த கார்டு கனம் 0.76 மில்லிமீட்டர், ப்ரூ இன் எ பேக்குக்கு அது போதும். உடைச்சது பாக்க மிக்ஸில ரெண்டு சுத்து விட்ட பொட்டுக்கடலை மாதிரி இருக்கணும், ஒரு மணி கூட முழுசா நிக்கக் கூடாது.

ஸ்காபரோ_தம்பி:
வணக்கம் அண்ணை, நான் டொரொண்டோ பக்கம் இருக்கிறன். பாண்டி அண்ணை காரணத்தை வடிவா சொல்லிப்போட்டார், நான் முதல் கேள்விக்கு வாறன். என்னட்டக் கேட்டால் ஒண்டும் செய்யாமலும் விடலாம். 1.038ல துவங்கி 1.009ல நிண்டால் 3.8 வீதம் வரும். இங்கிலாந்திலை பப்புகளிலை ஊத்திற ஓர்டினரி பிட்டர் 1.030க்கும் 1.039க்கும் இடையிலை துவங்கிறது தான், அதை ஒருத்தரும் பழுதெண்டு கொட்டுறேல்லை.

பிரச்சினை எங்கையெண்டால் ஹொப்ஸ். நீங்கள் 1.048க்கு எண்டு 35 ஐபியு போட்டிருக்கிறியள். 35ஐ 48ஆல பிரிச்சால் 0.73, அது பேல் ஏலுக்கு நல்ல சமநிலை. அதே 35ஐ 38ஆல பிரிச்சால் 0.92, நாக்கிலை கைப்புத் தூக்கலா நிக்கும், உடம்பும் மெல்லிசு. கைப்பு விருப்பமெண்டால் பறவாயில்லை, இல்லாட்டி கொஞ்சம் ஏத்துறது நல்லது.

ஏத்துறதெண்டால் சீனி போடாதையுங்கோ. கோவை அண்ணை சொன்ன பெல்ஜியம் கதை உண்மை தான், ஆனா அவங்கள் 7, 8, 9 வீதம் வாற பீருக்கு, உடம்பு கனத்துப் போகாமல் மெல்லிசாக்க வேண்டித் தான் சீனி போடுறாங்கள். உங்களுக்கு ஏற்கனவே மெல்லிசு, அதை இன்னும் மெல்லிசாக்கி என்ன செய்யப்போறியள்? வெல்லமும் பெரும்பாலும் அதே சீனி தான், கூட ஒரு மணமும் நிறமும் வரும். அக்காட்டச் சொல்லுங்கோ, வெல்லம் பொங்கலுக்கு இருக்கட்டும்.

டிஎம்இ போடுங்கோ, அது மால்ட் வோர்ட்டை காய வைச்ச தூள் தானே, சுவை மாறாது. கணக்கு இப்பிடி: டிஎம்இ கிலோவுக்கு 367 பொயின்ட் லீட்டர் தரும். உங்கட பர்மென்டரிலை 22 பெருக்கல் 38, 836 இருக்குது. தூளை ஒரு லீட்டர் தண்ணியிலை கரைச்சு ஊத்தினால் மொத்தம் 23 லீட்டர், இதைக் கனபேர் கணக்கிலை எடுக்கிறேல்லை. 48க்கு போக 23 பெருக்கல் 48, 1104 வேணும், குறையிறது 268, அதுக்கு 730 கிராம். ஆனா கடையளிலை 500 கிராம் பொதி கிடைக்கும், ஒரு பொதியைப் போட்டால் 1.044 வரும், ஹொப்ஸ் பக்கமும் 0.76க்கு இறங்கி ரெசிபிக்குக் கிட்ட வந்திடும். நானெண்டால் அதோடை விட்டிடுவன், முழுக்க 1.048 எண்டு அடம்பிடிக்க மாட்டன்.

மெல்பர்ன்_மாப்ள:
நன்றி தம்பி, இது தான் கேட்டேன். ஆனா ஈஸ்ட் வேலை ஆரம்பிச்சாச்சே, இப்ப திறந்து ஊத்தினா ஆக்சிஜன் உள்ள போய் கெட்டுடாதா? அப்புறம் எந்த சூட்டுல ஊத்துறது?

ஸ்காபரோ_தம்பி:
முதல் நாள் எண்டபடியால் பயமில்லை, உள்ளுக்கை போற கொஞ்ச ஒக்சிசனை ஈஸ்ட்டே எடுத்திடும். நாலைஞ்சு நாள் கழிச்சு நுரை அடங்கினாப் பிறகு திறந்து கலக்கிறது தான் கூடாது, அப்ப தான் பழைய காட்போட் மட்டை மாதிரி மணம் வாறது. இண்டைக்கோ நாளைக்கோ செய்து முடியுங்கோ.

தண்ணி ஒரு லீட்டரை முதல்லை எடுங்கோ, தூளைப் பச்சைத் தண்ணியிலை கொட்டிக் கலக்குங்கோ, கொதிக்கிற தண்ணிக்கு மேலை கொட்டினால் ஆவி பட்டுப் பொதியிலையே கட்டி பிடிச்சிடும், பிறகு சுரண்டோணும். பெரிய பாத்திரமா எடுங்கோ, டிஎம்இ கொதி வரேக்கை பால் பொங்கிறதை விட வேகமாப் பொங்கி அடுப்பு முழுக்க ஒட்டும். ஒரு பத்து நிமிசம் கொதிச்சாப் போதும். மூடி, பாத்திரத்தை ஐஸ் தண்ணிக்கை வைச்சு 20 டிகிரி, அதாவது பர்மென்டர் இருக்கிற சூட்டுக்கே கொண்டு வந்து, மூடியைக் கொஞ்சமாத் திறந்து மெல்ல ஊத்துங்கோ. கிளறத் தேவையில்லை, ஈஸ்ட் விடுற காஸ் தானே கலக்கிப்போடும். கை, புனல் எல்லாத்தையும் சானிட்டைசரிலை நனைச்சுப்போட்டு தொடுங்கோ.

ஊத்தினாப் பிறகு ஹைட்ரோமீட்டரிலை ஓஜி பாக்காதையுங்கோ, ஈஸ்ட் ஏற்கனவே கொஞ்சம் தின்றிருக்கும், எண் பிழையா வரும். 1.044 எண்டு கணக்கிலை எழுதி வையுங்கோ.

கோவைக்காரன்_சியாட்டில்:
சரிங்க ஓஜி விஷயம் புரிஞ்சுது, பாண்டி அண்ணனுக்கு நன்றிங்க. இன்னொரு சந்தேகம், பைய தூக்கினப்பவே 1.033ன்னு தெரிஞ்சுதுல்ல, அப்பவே ரொம்ப நேரம் கொதிக்க வச்சு சுண்ட விட்டிருந்தா 1.048 வந்திருக்குமில்லிங்களா?

பார்லி_பாண்டி:
வந்திருக்கும், அதே கணக்கு தான், 957 வகுத்தல் 48, இருபது லிட்டர். அதாவது 25ல நிறுத்துறத விட்டுட்டு இன்னும் 5 லிட்டர் ஆவியாக்கணும், அவர் அடுப்பு மணிக்கு 4 லிட்டர் இழுக்குது, கூட ஒண்ணே கால் மணி நேரம் கேஸ் எரியணும், கடைசில கசடு போக 17 லிட்டர் தான் கைக்கு வரும். கிராவிட்டி கிடைக்கும், பீர் குறையும். எனக்கு அது நஷ்டம்னு தோணும், சில பேர் அப்படித்தான் பண்ணுவாங்க. பண்றதா இருந்தா கசப்பு ஹாப்ஸ உடனே போட்டுடக் கூடாது, முடியறதுக்கு ஒரு மணி நேரம் இருக்குறப்ப தான் போடணும். அந்த நேரத்துல டிஎம்இ நேரா கெட்டில்லயே கொட்டுறது தான் இன்னும் லேசு, அடுப்ப அணைச்சுட்டு கொட்டிக் கரைச்சுட்டு திரும்ப பத்த வைங்க, இல்லன்னா அடில பிடிச்சு கருகும்.

அத விட நல்லது பைய தூக்குறதுக்கு முன்னாடியே பாக்குறது. மேஷ் முடியுறப்ப கொஞ்சம் வோர்ட் எடுத்து ஆறவச்சு ஹைட்ரோமீட்டரோ ரிஃப்ராக்டோமீட்டரோ (ஒளி வளையுறத வச்சு சர்க்கரை அளக்குற கருவி) வச்சு, உங்க அளவுக்கு 1.043 பக்கம் வந்துச்சான்னு பாருங்க. ரிஃப்ராக்டோமீட்டர்னா பிரிக்ஸ் (சர்க்கரை சதவீதம்) எண்ண நாலால பெருக்கினா தோராயமா பாயின்ட் வந்துடும், ஆனா ஆல்கஹால் உருவானப்புறம் அந்த எண்ண நேரடியா நம்பாதீங்க. வரலன்னா பைய உள்ளயே விட்டு, பை அடில ஒட்டாம கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு 66க்கு திரும்ப சூடேத்தி, கிளறி, இன்னும் அரை மணி நேரம். இது காசே இல்லாத வைத்தியம். ஸ்டார்ச் மிச்சம் இருக்கான்னு தெரியணும்னா வெள்ளைத் தட்டுல ரெண்டு சொட்டு வோர்ட் விட்டு பக்கத்துல டிங்ச்சர் அயோடின் ஒரு சொட்டு, சேந்த இடம் நீலமா கருப்பா மாறினா இன்னும் மாறலன்னு அர்த்தம். உமித்துண்டு விழாம பாத்துக்கங்க, அது எப்பவும் கருக்கும். அந்த தட்டு வோர்ட்ட திரும்ப கெட்டில்ல ஊத்திடாதீங்க.

மாப்ள, நீங்க அடுத்த தடவை மூடி திறக்க பயப்படவே வேண்டாம், கால் மணிக்கு ஒரு தரம் திறந்து கீழ வரைக்கும் நல்லா கிளறுங்க, ரெண்டு டிகிரி போனா அடுப்ப லேசா பத்த வைங்க. டவல் போதாது, பழைய ஸ்லீப்பிங் பேக்கோ கம்பளியோ சுத்துங்க. பைய நல்லா பிழிஞ்சு எடுங்க, பிழிஞ்சா டானின் (உமில இருக்குற துவர்ப்பு) இறங்கும்னு பயமுறுத்துவாங்க, டானின் இறங்குறது பிஎச் 6க்கு மேல போய் தண்ணியும் ரொம்ப சூடா இருந்தா தான், கை பிழியறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மெல்பர்ன் தண்ணி ரொம்ப மென்மையானது, வெளிர் மால்ட் மட்டும் போட்டா மேஷ் பிஎச் கொஞ்சம் மேல நிக்கலாம், 5.2ல இருந்து 5.6க்குள்ள இருந்தா நல்லது, கொஞ்சம் ஜிப்சமோ கால்சியம் குளோரைடோ போட்டா இறங்கும். ஆனா முதல்ல உடைக்கிறத சரி பண்ணுங்க, தண்ணி கெமிஸ்ட்ரி அப்புறம்.

மதுரை_மோட்டார்:
நான் சும்மா படிச்சிட்டு போறவன் தான், இதெல்லாம் நம்ம ஊர்ல வீட்ல பண்ணலாமாண்ணே?

பார்லி_பாண்டி:
பண்ணாதீங்க தம்பி. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, லைசென்ஸ் இல்லாம காய்ச்சினா குற்றம், பீரா இருந்தாலும் அதே தான். கோவை ப்ரோ இருக்குற அமெரிக்காவுலயே 1978ல அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்டப்புறம் தான் வீட்டு பீருக்கு வழி கிடைச்சுது. ஆஸ்திரேலியாவுல சொந்த உபயோகத்துக்கு காய்ச்சலாம், விக்கக் கூடாது, வடிச்சு சாராயம் எடுக்கக் கூடாது.

மெல்பர்ன்_மாப்ள:
சாயந்திரமே 500 கிராம் பாக்கெட் வாங்கிட்டு வந்து தம்பி சொன்னபடி பண்ணிட்டேன். பெரிய பாத்திரம் வச்சும் ஒரு தடவை விளிம்பு வரைக்கும் பொங்கிடுச்சு, கரண்டிய வச்சு அடக்கினேன். ஊத்தின ரெண்டு மணி நேரத்துல ஏர்லாக் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்குது. கடைக்கும் போன் போட்டேன், ரெண்டு ஓட்டு வேணும்னா சொன்னா போதும், செஞ்சு தர்றோம்னாங்க.

கடைசியா ஒண்ணு. ஓஜி 1.048 இல்லாம 1.044 ஆயிடுச்சே, பாட்டில்ல அடைக்கிறப்ப போடுற சர்க்கரையையும் அதுக்கேத்த மாதிரி கூட்டணுமா குறைக்கணுமா?

ஸ்காபரோ_தம்பி:
ரெண்டும் வேண்டாம். போத்தல் சீனிக்கும் ஓஜிக்கும் தொடர்பில்லை, எத்தினை லீட்டர், பர்மென்டேசன் முடியேக்கை எத்தினை டிகிரி, எவ்வளவு காஸ் வேணும், இந்த மூண்டும் தான் கணக்கு. 20 டிகிரியிலை, கசடு போக நிக்கிற 22 லீட்டருக்கு, பேல் ஏல் அளவுக்கு காஸ் வேணுமெண்டால் 130 கிராம் சாதாரண சீனி. கொஞ்சத் தண்ணியிலை கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் கலவுங்கோ. ஆனா எஃப்ஜி ரெண்டு மூண்டு நாளா ஒரே எண்ணிலை நிக்குதோ எண்டு பாத்திட்டு அடையுங்கோ. 1.010க்குக் கிட்ட வரும் எண்டு நினைக்கிறன், 1.015லை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் போத்தலைத் தொடாதையுங்கோ, வெடிக்கும்.